ஜப்பான் கேப்சூல் ஹோட்டல்: அப்பாவோடு போனால் சரிப்படுமா?

#1 மலைக்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் வாரம் நானும் வீட்டுக்காரம்மாவும் அப்பாவும் ஜப்பான் போறோம். ஒசாகா, கியோட்டோ, கடைசியா டோக்கியோ. செர்ரி பூக்கிற நேரம்ங்கிறதால ரூம் வாடகையப் பார்த்தாலே மயக்கம் வருது. டோக்கியோவுல கால் நீட்டினா சுவர் இடிக்கிற பிசினஸ் ஹோட்டல் ரூமுக்கே 16,000 யென், 18,000 யென்னு காட்டுது. அதே தேதிக்கு கேப்சூல் ஹோட்டல்ல, அதாவது ஆள் படுக்கிற அளவுக் கூடுகளை அடுக்கி வச்ச விடுதியில, ஒரு ஆளுக்கு 4,500 யென். அந்தச் சின்ன ரூம் ரெண்டு எடுக்கிறதோட ஒப்பிட்டா மூணு பேருக்குப் பெரிய மிச்சம்.

அப்பாவுக்கு 66 வயசு. முழங்கால் வலி உண்டு, ராத்திரி எழுந்து போகணும். குறட்டையும் உண்டு, அவர் ஒத்துக்க மாட்டார். யூடியூப்ல அந்தக் குழாய் மாதிரி ரூமைப் பார்த்துட்டு "இதுல ஒரு நாள் படுத்துப் பாக்கணும்டா"ன்னு அவரேதான் சொல்றார். போய்ப் படுத்தவங்க யாராவது இருந்தா உள்ளபடி சொல்லுங்க. வீட்டுக்காரம்மா கூடவே தங்க முடியுமா? பெட்டிகளை எங்க வைக்கிறது?

#2 ஒசாகா_இட்லி

வாங்க மலைக்கோட்டை. நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். டோக்கியோ ஆபீசுக்குப் போகும்போது கம்பெனி கொடுக்கும் தங்கும் படியில் மிச்சம் பிடிக்க கேப்சூல்தான் போடுவேன். அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

வாசலில் நுழைந்ததும் செருப்பு லாக்கர். ஷூவை அதில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியை ரிசப்ஷனில் கொடுக்கணும். புது இடங்களில் சாவி உங்களிடமே இருக்கும், பழைய இடங்களில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டுதான் மறுபடி பேசுவார்கள். பணம் முன்கூட்டியே. ஜப்பானில் வீட்டு விலாசம் இல்லாத வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் காட்டியாகணும், நகல் எடுத்துக்கொள்வார்கள். பிறகு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் லாக்கர் சாவி ஒன்று தருவார்கள். லாக்கர் அறைக்குப் போய் உடை மாற்றி, அவர்கள் கொடுக்கும் தொளதொள சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, போன், சார்ஜர், தண்ணீர் பாட்டிலோடு படுக்கைக் கூடத்துக்குப் போகவேண்டியதுதான். துண்டு, பல் துலக்கும் பிரஷ், ஷாம்பூ எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம்.

கூடத்தில் இரண்டு தட்டாக வரிசை வரிசையாகக் கூடுகள். ஒன்று சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம். நம்ம ரயிலில் சைடு அப்பர் பெர்த்தில் திரை போட்டுப் படுத்துப் பழகியவருக்கு இது மாளிகை. உள்ளே விளக்கு, பிளக், சின்னத் தட்டு, சில இடங்களில் டிவி. வாயில் பக்கம் மூங்கில் தட்டி மாதிரி ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். கழிவறை, குளியல், சாப்பிடும் இடம் எல்லாம் வெளியே, எல்லாருக்கும் பொது.

இப்போது உங்கள் விஷயம். அப்பா முழங்காலோடு மேல்தட்டுக்கு ஏணி ஏறக் கூடாது, அதிலும் ராத்திரித் தூக்கத்தில் இறங்கவே கூடாது. கூடுகளில் இரண்டு வகை உண்டு. தலைமாட்டுப் பக்கமாக, மேசை இழுப்பறைக்குள் போவதுபோல் தவழ்ந்து நுழைவது ஒன்று. நீளவாட்டில் திறந்திருக்கும் பக்கவாட்டு வகை இன்னொன்று. இரண்டாவதில் கட்டிலில் உட்காருவதுபோல் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தால் போதும். முழங்கால் உள்ளவருக்குப் பக்கவாட்டு வகை, கீழ்த்தட்டு. இந்த இரண்டும் கிடைக்காவிட்டால் வேண்டாம்.

மனைவியோடு சேர்ந்து தங்க முடியாது. ஆண்களுக்கு ஒரு தளம், பெண்களுக்கு ஒரு தளம். நிறைய இடங்களில் ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதியே.

#3 சந்தேகப்_பிராணி

காசு கொடுத்து சவப்பெட்டியில் படுக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். போகட்டும், எனக்கு ஒரே கேள்வி. வெறும் திரைதான், பூட்டே கிடையாது என்கிறார்கள். பணம், பாஸ்போர்ட், போன் எல்லாம் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத நூறு பேருக்கு நடுவில் எப்படிக் கண்ணை மூடுவது? இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைக்க முடியாதா? தீப்பிடித்தால் என்ன ஆகும்?

#4 ஒசாகா_இட்லி

பிராணி, தாழ்ப்பாள் இல்லாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, சட்டம். 1948-இல் வந்த தங்கும் விடுதிச் சட்டத்தில் ஹோட்டல், ரியோகான் எனும் ஜப்பானியப் பாரம்பரிய விடுதி எல்லாம் ஒரு வகை. பலர் சேர்ந்து ஒரே இடத்தில் படுக்கும் எளிய தங்குமிடம் இன்னொரு வகை, மலைக்குடில், இளைஞர் விடுதி எல்லாம் அதில் வரும். கேப்சூல் ஹோட்டலுக்கும் அந்த வகையில்தான் உரிமம். அதாவது சட்டத்தின் கண்ணில் நீங்கள் படுத்திருப்பது அறை இல்லை, ஒரு பெரிய கூடத்தில் உள்ள படுக்கை. அதை மூடிப் பூட்டினால் தனி அறை என்று ஆகிவிடும். தனி அறை என்றால் பரப்பளவு, ஜன்னல், தீத்தடுப்பு என்று வேறு விதிகள் வரும், 2 மீட்டர் கூட்டில் அதெல்லாம் நடக்காது. திரை இருக்கிற காரணம் இதுதான்.

தீ பற்றிய பயம் நியாயமானது. அதனால்தான் கூட்டுக்குள் சிகரெட் கூடவே கூடாது, புகைக்கத் தனி அறை. மேலே புகை உணர் கருவியும், பல இடங்களில் தண்ணீர் தெளிப்பானும் இருக்கும். நான் எங்கே போனாலும் முதலில் அவசர வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பேன், நீங்களும் செய்யுங்கள்.

பணம், பாஸ்போர்ட்டை லாக்கரில் வையுங்கள். போனைத் தலையணைக்கு அடியில். எனக்கு இதுவரை எதுவும் போனதில்லை. ஆனால் "ஜப்பானில் திருட்டே இல்லை" என்று சொல்கிறவர்களை நம்பி பர்ஸைத் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். "மதிப்புள்ள பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று லாக்கர் அறையில் சும்மாவா எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

#5 தாழம்பூ

பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதாததால் நான் வருகிறேன். தனியாக ஊர் சுற்றுகிறவள். கியோட்டோவிலும் டோக்கியோவிலும் தங்கியிருக்கிறேன்.

பெண்கள் தளத்துக்குத் தனி லிஃப்ட் அல்லது கார்டு காட்டினால் மட்டும் அந்தத் தளத்தில் நிற்கும் லிஃப்ட். பெண்களுக்கு மட்டுமான தளம் என்பதால், இந்தியாவில் பல லாட்ஜ்களின் தாழ்ப்பாள் போட்ட அறையில் வராத தூக்கம் அங்கே தாழ்ப்பாள் இல்லாமலே வந்தது. லாட்ஜில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்த பெண்களுக்கு நான் சொல்வது புரியும். பெண்கள் பகுதியில் முடி உலர்த்தும் கருவி, முகப்பூச்சு, பஞ்சு, கண்ணாடி மேசை எல்லாம் ஆண்கள் பக்கத்தைவிட நன்றாக இருக்கும் என்று கேள்வி. ஆண்கள் பொறாமைப்படலாம்.

ஆனால் பதிவு செய்யும்போது கவனம். இந்தத் தொழில் ஆரம்பத்தில் ஆண்களுக்காகவே வந்தது, பெண்கள் தளம் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. சில பழைய இடங்களில் ஆண்களுக்குப் பெரிய குளியல் தொட்டி, சௌனா (வியர்க்க உட்காரும் சூட்டறை), பெண்களுக்கு இரண்டே இரண்டு ஷவர். கட்டணம் மட்டும் ஒன்று. பதிவுத் தளத்தில் படம் பார்க்கும்போது அது யாருடைய குளியலறை என்று பாருங்கள்.

மலைக்கோட்டை, நீங்களும் அப்பாவும் ஒரு தளத்தில் கதை பேசிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் மனைவி இன்னொரு தளத்தில் தனியாக இருப்பார். வெளிநாட்டுப் பயணத்தில் மொழி தெரியாத ஊரில் அவருக்கு அது சம்மதமா என்று கேட்டீர்களா? பதிவில் அவர் ஆசை என்னவென்று ஒரு வரியும் இல்லை.

#6 வடமராட்சி

மலைக்கோட்டை அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட அப்பா ஆக்களுக்கு முன்னால உடுப்பில்லாமல் நிப்பாரோ?

பகிடி இல்லை. நான் ரொறன்ரோவில இருந்து போன நேரம் நாகோயாவில ஒரு பழைய இடத்தில தங்கினனான். குளிக்கிறதெண்டா கீழ்த்தளத்தில பொதுக் குளியல்தான், தனி ஷவர் ஒண்டும் இல்லை. இடுப்பில துவாய் கட்டிக்கொண்டு குளிச்சு வளர்ந்த ஆக்கள் நாங்கள். அங்க உடுப்பெல்லாத்தையும் கூடையில போட்டிட்டு, முகம் துடைக்கிற அளவில ஒரு சின்னத் துவாயோட உள்ள போகோணும். உள்ளாடையோட இறங்கலாமோ எண்டு கேட்ட என்னைப் பார்த்து அந்த வயசான மனிசன் பதறிப் போனார்.

முறை என்னெண்டா, வரிசையா சின்னச் சின்ன ஸ்டூல், முன்னால கண்ணாடி, கைஷவர். இருந்துகொண்டுதான் குளிக்கோணும், நிண்டால் பக்கத்தில இருக்கிற ஆளுக்குத் தெறிக்கும். சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவின பிறகுதான் தொட்டிக்குள்ள இறங்கிறது. தொட்டித் தண்ணி 40, 42 பாகைக்குக் கிட்ட இருக்கும், முதல்ல காலை வைக்கேக்க உயிர் போற மாதிரி இருக்கும், பிறகு வெளியால வர மனமே வராது. துவாய் தண்ணியில படக்கூடாது, மடிச்சுத் தலையில வச்சிருப்பினம். பச்சை குத்தின ஆக்களைக் கன இடங்களில உள்ள விடமாட்டினம். எங்கட ஆக்களில அம்மம்மா காலத்துப் பச்சையும் இருக்குத்தானே, முதலே கேட்டு வைக்கோணும்.

கூச்சம் முதல் அஞ்சு நிமிசம்தான். ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறேல்லை. எனக்கு அந்த முழுப் பயணத்தில பிடிச்சதே அந்தத் தொட்டிதான், படுக்கை இல்லை.

#7 சந்தேகப்_பிராணி

சட்ட விளக்கம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் மனிதனை இப்படி அடுக்கி வைக்க யாருக்கு முதலில் தோன்றியது? டோக்கியோவில் வட்ட ஜன்னலோடு துணி துவைக்கும் இயந்திரங்களை அடுக்கிய மாதிரி ஒரு கட்டடம் இருந்ததே, அதுதானே முதல் கேப்சூல் ஹோட்டல்?

#8 கட்டடக்காரன்

இல்லை. எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

நீங்கள் சொல்வது நகாகின் கேப்சூல் டவர். டோக்கியோ கின்சா அருகே 1972-இல் கட்டியது. அது ஹோட்டல் இல்லை. வார நாள்களில் நகரத்தில் தங்க ஒரு சின்னக் கூடு வேண்டும் என்ற அலுவலர்களுக்கு விற்ற குடியிருப்பு. 140 கூடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 மீட்டருக்கு 4 மீட்டர், உள்ளேயே குளியலறையும் உண்டு. கேப்சூல் ஹோட்டல் கூட்டைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டு கான்கிரீட் தூண் கோபுரங்களில் ஒவ்வொரு கூட்டையும் நான்கு போல்ட் போட்டு மாட்டினார்கள். 25 ஆண்டுக்கு ஒருமுறை கூடுகளைக் கழற்றிப் புதிது மாட்டுவது என்று திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை உருவ முடியாத அமைப்பு, நூற்றுச் சொச்சம் உரிமையாளர்கள், யார் செலவு செய்வது என்ற தகராறு. கடைசியில் 2022-இல் இடித்துவிட்டார்கள். 23 கூடுகளைக் காப்பாற்றி அருங்காட்சியகங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

கட்டியவர் கிஷோ குரோகாவா. கோலாலம்பூர் விமான நிலையம் வழியாகப் போனவர்கள் அவருடைய கூரையின் கீழ் நடந்திருக்கிறீர்கள், 1998-இல் திறந்த அந்த முனையமும் அவர் வடிவமைப்பே. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியிலும் கேப்சூல் வீடு ஒன்றைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

அதைப் பார்த்த ஒசாகா சௌனா முதலாளி ஒருவருக்கு வேறொரு கணக்கு ஓடியது. உமெதா பகுதியில் இருந்த அவர் சௌனாவில், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் ஓய்வுக் கூடத்து நாற்காலிகளிலும் தரையிலும் விழுந்து கிடப்பது வழக்கம். இவர்களுக்கு ஒழுங்காகப் படுக்க ஒரு இடம் கொடுத்தால் என்ன என்று குரோகாவாவிடம் போனார். 1979 பிப்ரவரி 1-இல் கேப்சூல் இன் ஒசாகா திறந்தது. அதுதான் முதல் கேப்சூல் ஹோட்டல். கூடுகளைச் செய்தது கொத்தோபுகி நிறுவனம். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் வார்ப்பு, உள்ளே டிவி, ரேடியோ, அலாரம், விளக்கு பொத்தான்கள் எல்லாம் படுத்த வாக்கில் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு விமானியின் இருக்கையை யோசித்தவன் செய்த வேலை என்று பார்த்ததும் தெரியும்.

ஆக, "மனிதனை அடுக்கி வைக்க" யாரும் கிளம்பவில்லை. தரையில் கிடந்தவனைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். சௌனாவும் குளியலும்தான் முதலில், படுக்கை பிறகு. வடமராட்சிக்குத் தொட்டி பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை, பழைய இடங்கள் எல்லாம் இன்றும் அந்த வரிசையில்தான் ஓடுகின்றன.

#9 ஒசாகா_இட்லி

கட்டடக்காரன் ஐயா, அருமை. கடைசி ரயில் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். டோக்கியோவில் நள்ளிரவு 12, 12:30 வாக்கில் ரயில் நின்றுவிடும். மறுபடி காலை 4:30, 5 மணிக்குத்தான். டாக்ஸிக்கு இரவு 10 முதல் 5 வரை 20 சதவீதம் கூடுதல். ஒரு மணி நேர தூரத்தில் வீடு இருப்பவன் ஆபீஸ் பார்ட்டியில் குடித்துவிட்டு டாக்ஸியில் போனால் 15,000 யென் போய்விடும். 4,000 யென்னில் குளித்துப் படுத்து, இயந்திரத்தில் புது பனியனும் சட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு காலையில் நேரே ஆபீஸ் போவது சுலபம். 80-களில் பணம் கொழித்த காலத்தில் இந்தத் தொழில் வளர்ந்தது இப்படித்தான்.

#10 நள்ளிரவு_டீ

பணம் கொழித்த காலம் மட்டும் சொன்னால் பாதிக் கதை. 2008 நிதி நெருக்கடியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். வேலை போனதும் கம்பெனி கொடுத்த தங்குமிடமும் சேர்ந்து போயிற்று. 2008 டிசம்பர் 31 முதல் 2009 ஜனவரி 5 வரை டோக்கியோ ஹிபியா பூங்காவில் தொண்டு அமைப்புகள் இவர்களுக்குக் கூடாரம் போட்டு சோறு போட்டன, சுமார் 500 பேர் வந்தார்கள். அதே சமயம் ஷின்ஜுகு பக்கம் சில கேப்சூல் ஹோட்டல்கள் கூடுகளை மாத வாடகைக்கு விட்டன. டோக்கியோவில் வீடு பிடிக்க முன்பணம், சாவிப் பணம் (வீட்டு உரிமையாளருக்குத் தரும், திரும்பி வராத தொகை), ஜாமீன்காரர் என்று கேட்பார்கள். வேலை இல்லாதவனுக்கு அது எட்டாது. கூட்டுக்கு அதெல்லாம் வேண்டாம்.

நான் அந்த ஆண்டுகளில் டோக்கியோவில் ஷிஃப்ட் வேலையில் இருந்தேன். என் வரிசையில் ஒருவர் தினம் காலையில் கோட்டு போட்டுக்கொண்டு வேலை தேடப் போவார், மாலையில் அதே கோட்டோடு வந்து பொதுக் கூடத்தில் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றுவார். பிராணி சொல்லும் கோபம் இவருக்காக என்றால் நானும் பிராணி கட்சி. ஒரு ராத்திரி அனுபவத்துக்குப் படுக்கிற நமக்காக என்றால், அனாவசியம்.

#11 சந்தேகப்_பிராணி

இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றி டீ.

#12 மலைக்கோட்டை

அடேயப்பா, ஒரு நாள் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இவ்வளவா! எல்லாருக்கும் நன்றி.

தாழம்பூ அக்கா, நீங்க கேட்டதை வீட்டுல வாசிச்சுக் காட்டினேன். "நல்லாக் கேட்டாங்க, தனியா ஒரு தளத்துல என்னால முடியாது"ன்னு பட்டுனு சொல்லிட்டாங்க. அதனால அந்த யோசனை முடிஞ்சுது. ஆனா அப்பா விடுற மாதிரி இல்ல. வெந்நீர்த் தொட்டிக் கதையைச் சொன்னதும் ஆர்வம் ஜாஸ்தியாயிடுச்சு. "ஆம்பளைங்க மட்டும்தானே, அப்புறம் என்னடா"ங்கிறார். அவரை மட்டும் ஒரு ராத்திரி கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்க முடியுமான்னு பாக்கிறேன். குறட்டைக்கு என்ன பண்றது? பக்கத்துல இருக்கிறவங்க சண்டைக்கு வருவாங்களா?

#13 தாழம்பூ

சண்டைக்கு வரமாட்டார்கள். ஜப்பானியர் கோபம் வந்தால் மெல்லத் தொண்டையைச் செருமுவார்கள், மிஞ்சிப் போனால் ரிசப்ஷனில் போய்ச் சொல்வார்கள். குறட்டைக்குக் காது அடைப்பான்தான் மருந்து, ரிசப்ஷனில் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். ஒன்பது மணி நேரம் என்று பெயர் வைத்த நைன் அவர்ஸ் என்ற கேப்சூல் ஹோட்டல் சங்கிலியினர் தூக்கத்தில் குறட்டையையும் மூச்சையும் அளந்து அறிக்கை அனுப்பும் வசதியே சில கிளைகளில் வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு ஆதாரத்தோடு நிரூபிக்கலாம்! (குளிக்க 1, தூங்க 7, கிளம்ப 1, மொத்தம் 9 என்பது அவர்கள் கணக்கு. 2009-இல் கியோட்டோவில் ஆரம்பித்தார்கள். எல்லாம் வெள்ளை, எல்லாம் சுத்தம், எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வந்தது.)

உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது குறட்டை இல்லை. குறட்டை கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். காலை 5 மணிக்கு பிளாஸ்டிக் பையைக் கசக்கிக் கசக்கிப் பெட்டி கட்டுகிறவர்கள், அலாரத்தை அலறவிட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள், கூட்டுக்குள் இருந்தபடி வீடியோ கால் பேசுகிறவர்கள். கடைசி வகையில் நம்மவர்களும் உண்டு. ஒருமுறை பக்கத்துக் கூட்டில் ஒரு பெண் ஊரில் நடந்த சீமந்தத்தை முழுக்க நேரலையில் பார்த்தாள். எனக்கும் தமிழ் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. யார் யாருக்கு என்ன வளையல் போட்டார்கள் என்பது வரை எனக்கு அத்துப்படி.

அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: படுக்கைக் கூடத்தில் பேச்சே கூடாது. "டேய், எங்கடா இருக்கே?" என்று இரண்டு கூடு தள்ளியிருக்கும் மகனைக் கூப்பிடக் கூடாது. அலாரம் அதிர்வில் மட்டும். காலையில் போடும் துணியை முந்தின ராத்திரியே எடுத்து வையுங்கள். கூட்டில் சாப்பாடு கிடையாது, அதற்குப் பொதுக் கூடம் இருக்கிறது.

#14 மட்டுறுத்துநர்

யென் மதிப்பு, ஜப்பான் பொருளாதாரம், எந்த நாட்டு மக்கள் சுத்தம் என்ற வாக்குவாதங்கள் கொண்ட பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்புக்குள் பேசுங்கள்.

#15 வடமராட்சி

உள்ளுக்க வெக்கையாவும் இருக்கும் அண்ணை, அதை ஒருத்தரும் சொல்லேல்லை. கூட்டுக்குத் தனி ஏசி இல்லை, ஒரு சின்னக் காத்துத் துளைதான். கூடத்து ஏசி எப்பிடியோ அப்பிடித்தான் உங்கட கூடும். மேல்தட்டு கூட வெக்கை. ஏப்ரல் எண்டபடியா பிரச்சினை இல்லை, ஓகஸ்ட்டில போற ஆக்கள் யோசிக்கோணும். பிறகு, பிரஷர் குளிசை எடுக்கிற ஆக்கள் சூட்டுத் தொட்டியில கனநேரம் இருக்கக் கூடாது. சௌனாவுக்குப் பிறகு குளிர்த் தண்ணித் தொட்டி ஒண்டு இருக்கும், அதுக்குள்ள அப்பாவை இறங்க விடாதேங்கோ.

#16 நள்ளிரவு_டீ

மலைக்கோட்டைக்கு என் யோசனை: டோக்கியோவை இதில் சேர்க்காதீர்கள். நீங்கள் திரும்பும் விமானம் நரிட்டா விமான நிலையத்திலிருந்தா? காலை விமானம் என்றால் கடைசி ராத்திரியை அங்கே வையுங்கள். இரண்டாம் முனையத்தோடு ஒட்டிய வாகன நிறுத்தக் கட்டடத்தில் 2014 முதல் நைன் அவர்ஸ் இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு, பகிரப்பட்ட பெரிய தொட்டி இல்லாமல் ஷவர்தான். பகலில் சில மணி நேரத்துக்கு மட்டும் படுத்து எழுந்து போகவும் அனுமதிப்பார்கள். காலையில் செக்-இன் கவுண்ட்டருக்கு நடந்தே போகலாம். ரயில் பிடிக்கிற பதற்றம் இல்லை.

#17 மலைக்கோட்டை

நரிட்டாதான், காலை 10:30. ஆனா அங்க தொட்டி இல்லைங்கிறீங்களே, அப்பா அதுக்குத்தானே அலையறார்! மறுபடியும் வீட்டுக்காரம்மாவும் தனித் தளம்தானே ஆகும்.

#18 ஒசாகா_இட்லி

அப்படியென்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். தொட்டி வேறு, கூடு வேறு.

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மூன்று பேருக்கு ஒரே அறை தேடுங்கள். ஜப்பானில் வாடகை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்பதால் கேப்சூல் மூன்று எடுத்தால் 13,500 யென் ஆகிவிடும், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் தத்தாமி பாய் விரித்த குடும்ப அறை கிடைக்கும். டோர்மி இன் மாதிரி சங்கிலி ஹோட்டல்களில் அறை தனியாக, மேல்மாடியில் பொதுக் குளியல், ராத்திரி 9:30 மணிக்கு மேல் இலவச நூடுல்ஸ் வேறு (குழம்பில் மீன் சாறு இருக்கும், சைவம் என்றால் தொடாதீர்கள்). அப்பாவுக்குத் தொட்டி ஆசை அங்கேயே தீரும். டொயோகோ இன் போனால் தொட்டி இல்லை, காலைச் சாப்பாடு இலவசம்.

கூட்டு ஆசைக்கு ஒசாகாவில் ஒரு ராத்திரி. உங்கள் மனைவிக்கு அன்றைக்குத் தனி சிங்கிள் ரூம், நடந்து போகிற தூரத்தில். வெள்ளி, சனி வேண்டாம், விலை ஏறும். செவ்வாய், புதன் பாருங்கள்.

பெட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேப்சூல் லாக்கர் கோட்டு தொங்கவிடும் அகலம்தான், பெரிய சூட்கேஸ் நுழையாது. ரிசப்ஷன் பக்கத்தில் சங்கிலி போட்டு நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் அதுவும் கிடையாது. உங்களுக்குப் பிரச்சினை இல்லை, மூன்று பெட்டியையும் மனைவியின் அறையில் வைத்துவிட்டு ஒரு கைப்பையோடு போங்கள். அந்த அறையும் சின்னதாக இருந்தால், ஒசாகாவிலிருந்து டோக்கியோ ஹோட்டலுக்கு யமாத்தோ கூரியரில் அனுப்பிவிடுங்கள், மறுநாள் போய்ச் சேரும். ஸ்டேஷன் லாக்கரில் ராத்திரி முழுக்க வைத்தால் அது இரண்டு நாள் கணக்காகிவிடும், கவனம்.

இன்னொன்று: ஒரே கேப்சூலில் இரண்டு ராத்திரி எடுத்தாலும் நடுவில் காலை 10 மணிக்கு வெளியே போய் மாலையில்தான் திரும்ப வரணும், சுத்தம் செய்வார்கள். பகலில் அப்பா ஓய்வெடுக்க இடம் இருக்காது. அதனால்தான் ஒரே ராத்திரி என்கிறேன்.

#19 கட்டடக்காரன்

ஒசாகா என்றால் உமெதாவில் அந்த முதல் கேப்சூல் ஹோட்டலையே பாருங்கள். ஆண்களுக்கு மட்டும், சௌனாவோடு சேர்ந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ். ஆனால் ஏணி, நுழைவாயில் எப்படி என்று படத்தில் பார்த்து, முழங்காலை முன்னிட்டு முடிவு செய்யுங்கள். வரலாற்றுக்காக அப்பாவின் காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

#20 சந்தேகப்_பிராணி

அப்பா படுத்து எழுந்த பிறகு அவர் வாயால் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள். இத்தனை பேர் சொன்னதைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

#21 மலைக்கோட்டை

கண்டிப்பா எழுதுறேன் பிராணி. புதன்கிழமைக்கு ஒசாகாவுல ரெண்டு கூடு போட்டாச்சு, பக்கவாட்டு வகை. அம்மணிக்கு தெரு தாண்டி சிங்கிள் ரூம், அவங்களுக்கு ஏக சந்தோஷம், "ஒரு ராத்திரி ரெண்டு பேர் குறட்டையும் இல்ல"ன்னு. கீழ்த்தட்டுதான் வேணும்னு எங்க சொல்றது? பதிவுப் பக்கத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே.

#22 ஒசாகா_இட்லி

கடைசியில் "குறிப்பு" என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் "கெதான் கிபோ" என்று ஜப்பானிய எழுத்தில் போடுங்கள், கீழ்த்தட்டு வேண்டும் என்று அர்த்தம். தனி மடலில் எழுத்து வடிவம் அனுப்புகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள். வயது 66, முழங்கால் வலி என்பதையும் ஒரு வரி சேர்க்கணும். அது வேண்டுகோள்தான், உறுதி இல்லை. அதனால் அன்றைக்குச் செக்-இன் ஆரம்பிக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ராத்திரி 11 மணிக்குப் போனால் மேல்தட்டுதான் மிஞ்சியிருக்கும்.